வேர்க்காப்பகம்

செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் அன்று காலை ஒரு பெண்மணி பல் துலக்கினாள், முகம் கழுவினாள், பெயரை மாற்றிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பெயரூட்டி பழைய பெயரை வாங்கி அழித்துவிட்டு, 'சௌமிழா' என்று புதிதாக ஒன்றைத் துப்பியது. இன்னும் ஏழு ஆண்டுக்கு அவள் சௌமிழாதான்.

அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். பெயரை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் பூமியோடு தொலையட்டும் என்று முதலில் குடியேறியவர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். பெயருக்குப் பொருள் இருக்கக்கூடாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் ஒட்டக்கூடாது, குடும்பப் பெயர் பின்னால் தொங்கக்கூடாது. யாருடைய பாட்டன் எங்கிருந்து வந்தான் என்ற விவரமெல்லாம் வேர்க்காப்பகம் என்ற கட்டடத்துக்குள் பூட்டி வைக்கப்பட்டது. நல்ல சட்டம்தான், ஆனால் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் தாயைக் கேட்டுப் போட்ட சட்டமில்லை.

சௌமிழாவின் மகன் தெவிர், மூரிலா என்ற பெண்ணை விரும்பினான். வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். இரு வீட்டாரும் அன்று மாலைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். சௌமிழாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், சுத்தமாக இருந்த மேசையை மூன்று முறை துடைத்தாள்.

"பொண்ணு நல்ல பொண்ணு. வேற என்ன வேணும் உனக்கு?" என்றார் அவள் கணவர் தொகின்.

"நல்ல பொண்ணுதாங்க, யாரு இல்லேன்னா? ஆனா அவங்க யாருன்னு தெரிய வேண்டாமா?"

முந்தின நாள் பெண் வீட்டில் அவள் படாத பாடு பட்டிருந்தாள். நேரடியாகக் கேட்டால் அபராதம். அதனால் மூரிலாவின் தாய் நவூலியிடம் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"உங்களுக்குப் பூர்வீகம்..."

"பூமிதாங்க."

"பூமியில எந்தப் பக்கம்?"

"தண்ணி இல்லாத பக்கம்."

"ஓ... ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுவீங்களா, முழுசாவா?"

"நாங்க ரச மாத்திரை வாங்கிடுவோம். நீங்க?" என்று நவூலி திருப்பிக் கேட்டாள். அவள் கண்ணும் சௌமிழாவின் கழுத்து, காது, கை என்று எதையோ தேடி அலைந்துகொண்டிருந்தது.

மதியம் தாண்டியதும் சௌமிழாவால் பொறுக்க முடியவில்லை. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சம்பந்தம் பேசும் வீட்டார் மருத்துவக் காரணத்துக்காக வேரைக் கேட்டுப் பார்க்கலாம். அவள் காப்பகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அங்கே இருந்தது ஒரு பழைய இயந்திரம். "காரணம் சொல்லுங்கம்மா."

"மருத்துவம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. கைரேகை வைங்க."

வைத்தாள். பெண் வீட்டு விவரத்தைச் சொன்னாள்.

"வேர் எதுவும் இல்லைம்மா. அறுபது வருஷம் முன்னாடியே எல்லாக் கோப்புகளையும் அழிச்சாச்சு. யாருக்குமே இல்லை."

சௌமிழா வெடுக்கென்று கையை எடுத்தாள். "அப்புறம் எதுக்கு இந்தக் கட்டடம்?"

"வந்து கேக்கிறவங்களைப் பதிய. யார் எப்போ வந்து யாரைப் பத்திக் கேட்டாங்கன்னு ஒரு பதிவேடு இருக்கு. அதை எல்லாரும் பார்க்கலாம். பெயர் மாறினாலும் கைரேகை மாறாதே."

"நவூலி வீட்டுல யாராவது வந்திருக்காங்களா?"

"இன்னிக்குக் காலையில நவூலி அம்மா வந்தாங்க, உங்களைப் பத்திக் கேட்டாங்க. அவங்க கல்யாணத்தப்போ அவங்க அம்மா வந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி பாட்டி." இயந்திரம் அடுத்த பதிவைத் திறந்தது. "உங்க வீட்டுலயும் அப்படித்தான். உங்க அம்மா, பாட்டி எல்லாரும் வந்திருக்காங்க."

சௌமிழா அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். எழுந்து போகும்போது ஏதோ தோன்றி, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றியும் விசாரித்தாள். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் காப்பகத்துப் பக்கமே வந்ததில்லையாம். நல்லவேளை, அவர்கள் வீட்டில் இன்னும் கை நனைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "சரின்னு சொல்லிடலாங்க," என்றாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"நம்ம ஆளுங்கதான். மூணு தலைமுறையா." பெருமையோடு பதிவேட்டு விஷயத்தை விவரித்தாள்.

தொகின் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல கூத்து! நானெல்லாம் அந்தக் கட்டடத்துல கால் வச்சதே இல்ல. எங்க வீட்டுலயும் யாரும் போனதில்ல."

சௌமிழா, முப்பது ஆண்டுகள் கூட வாழ்ந்த மனிதரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பவள்போல் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாசற்கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, இதை வெளிய சொல்லாதீங்க. கட்டடம் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். இப்பவே போய் யாரைப் பத்தியாவது கேட்டுட்டு வந்துடுங்க."