குரங்கின் மேல் பழி

"ஏட்டி ரஞ்சனி... இது பாதையா, ஆடு போன தடமா?"

ஜாஸ்மினுக்கு மூச்சு வாங்கியது. முள் ஒன்று துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"பாதைதான். அங்க பாரு... கல்லு மேல கல்லு அடுக்கி வச்சிருக்கா? அதுதான் அடையாளம். போர்ச்சுகல்ல மலைப்பாதை பூரா இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டே நடந்தா ஊர் வந்திரும்."

"போர்ச்சுகல் சரி... செண்பகத்தோப்புல உனக்காக யாருட்டி அடுக்கி வச்சது?"

ரஞ்சனி அடுத்த கல் அடுக்கை நோக்கி நடந்தாள். போர்ச்சுகலில் இரண்டு வருஷம் படித்தவள். லீவு நாளெல்லாம் மலையும் காடுமாக நடந்தவள். ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து, பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. 'காட்டழகர் கோயிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்... வழி எல்லாம் யார்கிட்டயும் கேக்க வேண்டாம்' என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னாள். நம்பி வந்தவள் ஜாஸ்மின் ஒருத்திதான்.

கல் அடுக்குகள் ஒன்று... இன்னொன்று... பிறகு ஓடைக்கு மேலே ஒரு தட்டைப் பாறை. அங்கே எல்லாவற்றையும் விட உயரமாக ஓர் அடுக்கு. அதற்கு அப்பால் பாதையே இல்லை. வெறும் பள்ளம்.

"ஊர் வந்துருச்சா?" என்றாள் ஜாஸ்மின், ரொம்பப் பணிவாக.

அந்த ஒரு கேள்விதான். ரஞ்சனிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ... காலை ஓங்கி ஒரு உதை. கற்கள் உருண்டன. ஒன்று ஓடைத் தண்ணீரில் 'தொபுக்'கென்று விழுந்தது.

"அம்மா, பார்த்து... அந்த வேரைப் பிடிச்சுக்கோ."

பின்னால் குரல் கேட்டுத் திரும்பினாள். கையில் அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவன் மேலே ஏறி வந்தான். அவன் தோளைப் பிடித்தபடி ஒரு அம்மா. அவன் முதலில் ரஞ்சனியைத்தான் பார்த்தான்... மழைக்கு முந்தின வானம் மாதிரி இருட்டும் ஈரமுமான கண்கள். ஒரு நொடி. அடுத்த நொடியே அந்தக் கண்கள் சிதறிக் கிடந்த கற்களுக்குப் போய்விட்டன.

அந்த அம்மா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே அழகு... யாருலே இதைத் தள்ளிவிட்டது?"

அழகுராஜா ரஞ்சனியைப் பார்த்தான். அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"கு... குரங்கு. நாங்க வரும்போதுதான் ஓடிச்சு."

"எம்புட்டுப் பெருசு?"

"நல்ல பெருசு..."

"திமிர் பிடிச்ச குரங்கு சார்," என்றாள் ஜாஸ்மின், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இந்தக் கல்லு... எதுக்கு?" ரஞ்சனியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வீடுங்க. இங்க கல் அடுக்குனா சொந்த வீடு அமையும்னு நம்பிக்கை. மூணு சனிக்கிழமையா அம்மா ஏறி வந்து ஒவ்வொண்ணா வச்சாங்க. முழங்கால் வேற தேய்ஞ்சு போச்சு..."

"விடுலே," என்றார் அவன் அம்மா மாரிக்கனியம்மா. பிறகு தூக்குவாளியைத் திறந்தார். "நீ சாப்பிடு தாயி. வழி தப்பி வந்திருக்க போல... முகம் வாடிக் கெடக்கு."

புளியோதரை. ஒவ்வொரு வாயும் கல்லாக இறங்கியது. 'இப்பவே சொல்லிரு... சொல்லிரு ரஞ்சனி...' சொல்லவில்லை.

சாரல் விழ ஆரம்பித்தது. அவன்தான் முன்னால் நடந்து வழி காட்டினான்.

"எப்படிங்க இம்புட்டு தூரம் தப்பி வந்தீங்க?"

"கல்லைப் பார்த்துக்கிட்டே..."

அவன் சிரித்தான். "அடுத்தவங்க வீட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தா பாதை எப்படிங்க வரும்?"

"நீங்க... என்ன பண்றீங்க?"

"மாட்டு டாக்டர். வ. புதுப்பட்டி ஆஸ்பத்திரி. நீங்க ஆடு போன தடத்துல வந்ததால கேஸ் நம்மகிட்ட வந்திருச்சு."

மழை அவன் புருவத்தில் ஒரு துளியாக நின்றது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, அதையே பார்த்தாள்...

போன் நம்பர் வாங்கிக்கொண்டது வழி தப்பினால் கேட்பதற்காகத்தானாம். அதற்குப் பிறகு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் கூட அவளுக்கு வழி தப்பியது.

'இன்னிக்கு எந்தக் குரங்கும் வழி மறிக்கலையே?' என்று தினமும் ஒரு மெசேஜ் வரும். அவள் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்புவாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொள்வாள்.

ஆவணி முடியும்போது ஒரு சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. அவன் அன்று சிரிக்கவில்லை.

"வீடு நின்னு போச்சுங்க."

"என்ன வீடு?"

"எங்க வீடுதான். இடம் இருக்கு. பிளான் பாஸாகிருச்சு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாளும் குறிச்சாச்சு. அம்மா வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. 'சனிக்கிழமை அதுவுமா அனுமாரே வந்து தள்ளிவிட்டுட்டாரு... சாமிக்கு இஷ்டமில்லாத வீடு எனக்கு எதுக்குலே'ங்காங்க."

டம்ளர் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"வாடகை வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க அடுத்தவங்களைக் கேட்டுக் கேட்டே காலம் போயிருச்சுங்க அவங்களுக்கு. 'எம்வீட்டுல மொத ஆணிய நான்தான் அடிப்பேன்'னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இப்போ நாங்க ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கிறதே இல்ல." அவன் நிமிர்ந்தான். "உங்ககிட்ட சொன்னாத்தான் மனசு லேசாகுது. பொய் கலக்காமப் பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான்..."

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. டீக்கடை வாசலில் பூமி எங்கே பிளக்கிறது?

"ஏட்டி, சொல்லித் தொலை," என்றாள் ஜாஸ்மின் மறுநாள்.

"சொன்னா அவரு என் முகத்துலயே முழிக்க மாட்டாரு."

"சொல்லலேன்னா நீ எப்படிட்டி அவரு முகத்துல முழிப்ப?"

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. மாரிக்கனியம்மா அனுமாருக்கு வாழைப்பழம் வைக்க மலைக்கு வருவார் என்று தெரியும். ரஞ்சனி முன்னாலேயே வந்து பாறையில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை வழியைக் கேட்டுத்தான் வந்தாள். நாலு பேரைக் கேட்டாள்.

"அட, நீங்க எங்க இங்க?" அழகுராஜாவின் முகம் மலர்ந்தது. அது மலர்ந்த அழகைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. இனி இப்படிப் பார்க்க மாட்டான்...

"அம்மா... அன்னிக்குக் குரங்கு வரல."

"என்ன தாயி?"

"அந்தக் குரங்கு நான்தான். வழி தப்பின கோவத்துல... காலால உதைச்சிட்டேன். பயந்துபோயி பொய் சொல்லிட்டேன்."

 மாரிக்கனியம்மாவின் கையில் வாழைப்பழம் அப்படியே இருந்தது.

"அப்போ... சாமி தள்ளலையா?"

"இல்லம்மா."

"சாமிக்கு எம்மேல கோவம் இல்லையா?" அவர் கண் நிறைந்துவிட்டது. "நான் என்ன பாவம் பண்ணினேனோன்னு தேடித் தேடிப் பார்த்துக்கிட்டு இருந்தேன் தாயி... தூக்கமே இல்ல..."

ஒரு அறை விட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். ரஞ்சனி முழங்காலில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

அழகுராஜா திரும்பி நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? டீக்கடையில கூடச் சொல்லல. நான் அம்மாகிட்ட எப்படியெல்லாம் கத்தினேன் தெரியுமா?"

"சொன்னா... பொறவு நீங்க எங்கிட்டப் பேசமாட்டீங்கன்னு..."

"நான் பேசாட்டி உங்களுக்கென்ன?"

 வெட்கமா, அவமானமா... எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"எனக்கு... நீங்க பேசணும். தினமும் பேசணும். குரங்குன்னு திட்டியாவது பேசணும்."

அவன் திரும்பாமலே பாறையை விட்டு இறங்கி நடந்தான்.

மாரிக்கனியம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டு அதட்டினார். "அழுதது போதும், எந்திரி. தள்ளிவிட்டவளே அடுக்கு. நல்லாப் பெருங்கல்லாப் போட்டு அடி போடு... ம், அப்படித்தான்."

அடுக்கினாள்.  மூன்றாவது கல் சரிந்தது. மறுபடி வைத்தாள். உச்சிக்குத் தோதான கல் கிடைக்காமல் சுற்றுமுற்றும் தேடினாள். அப்போது கண்ணெதிரே ஒரு கை நீண்டது. தட்டையான கல். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது. ஓடைக்குள் இறங்கியிருக்கிறான்...

"அன்னிக்குத் 'தொபுக்'குன்னு உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சே... அதுவாக்கூட இருக்கலாம்."

"கோவம் போயிருச்சா?"

"போகல."

"பொறவு...?"

"இங்க வச்சுச் சண்டை போட்டா அம்மா பயப்படுறாங்க. மிச்சச் சண்டையை நம்ம வீட்டுல வச்சுக்கிடுவோம்."

"நம்ம வீ..."

 அவன் காது சிவந்திருந்தது. அந்த இருட்டுக் கண்கள் அவளை விட்டு நகரவில்லை. கல்லை இருவரும் சேர்ந்தே பிடித்திருந்தார்கள். யார் முதலில் விட்டார்கள் என்று தெரியவில்லை... கல் உச்சியில் ஆடாமல் உட்கார்ந்தது.

"ஏலே, மொதல்ல நான் ஆணி அடிச்சிக்கிடுதேன்," என்றார் மாரிக்கனியம்மா, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுல மாட்ட உங்க கல்யாணப் போட்டோவ எடுத்துக் குடுத்துட்டுப் பொறவு எம்புட்டு வேணும்னாலும் சண்டை போடுங்க."

தலைக்கு மேலே கிளை அசைந்தது. ஒரு குரங்கு... நிஜமான குரங்கு, எட்டி எட்டிப் பார்த்தது.

ரஞ்சனி அந்த அம்மா கையிலிருந்த வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கினாள். பாறை ஓரத்தில் வைத்தாள். அதன் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சிரு..." என்றாள் மெல்ல. "ஒம்மேல பழி போட்டுட்டேன்."