வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திக்கும் கார்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் வெள்ளை அம்பாசடர் ஒன்று மூக்கைப் பள்ளத்துக்குள் நுழைத்துக்கொண்டு நின்றது. பின்சக்கரம் ஒன்று தரையைத் தொடாமல் தொங்கியது. வைக்கோல் லாரியை முந்தப் போன கார் பாதி முந்திய நிலையில் திணறியிருக்கிறது. எதிரே பேருந்து. வலது பக்கம் ஒடித்துப் பள்ளத்தில் இறக்கியதால் உயிர் பிழைத்தது ஓர் ஆள் மட்டுமில்லை, ஒரு பேருந்து நிறைய ஆட்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் பரிமளா ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஊரே கூடி நின்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தது. காரை ஓட்டியவர் மட்டும் வெளியே வரவில்லை. சித்திரை வெயிலில் கண்ணாடிகள் நான்கையும் ஏற்றிவிட்டு, தெப்பமாக வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். பரிமளா கண்ணாடியைத் தட்டினாள். அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்து, உடனே கதவைச் சாத்தினார்.

பெயர் ஜைனுதீன். ஊர் மீமிசல். வளைகுடாவில் கடை வைத்திருந்து திரும்பியவர்.

"தூங்கிட்டீங்களா பாய்?"

"இல்லம்மா. ஜும்மா தொழுதுட்டு நேரா வாரேன். லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிச்சேன். யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி வண்டி நின்னுருச்சு."

"யாரோன்னா யாரு?"

"பாலாஜி. அறந்தாங்கி மெக்கானிக். வண்டியை வெலைக்குக் கேட்டான், குடுக்கல. அதுலேருந்துதான் இந்தச் சேட்டை. ஏதோ பண்ணி வச்சிருக்கான். எழுதிக்கங்க."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது. கொலை முயற்சிப் புகார்கள் பலவற்றை அவள் பார்த்திருக்கிறாள். காரின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள் என்ற புகார் இதுதான் முதல்.

அதற்குள் ஜைனுதீனின் கைப்பேசி அடித்தது. சார்ஜாவிலிருந்து மகன் ராஜா முகமது. நடந்ததைக் கேட்டுவிட்டு, போனைப் பரிமளாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"மேடம், அத்தாவுக்கு வயசாகிப் போச்சு. கால் தடுமாறுது, வண்டியைக் குத்தம் சொல்றாரு. காயலான் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கெழமை வந்து எடுத்துட்டுப் போயிருவாரு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

பரிமளா சொல்லவில்லை. ஜைனுதீனின் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டி போச்சுன்னா எனக்கு வெள்ளிக்கெழமை போச்சும்மா" என்றார் அவர். மனைவி ரோஷன் பேகம் புதுக்கோட்டையில் பிறந்தவர். போன வருஷம் அங்கேயே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது, அங்கேயே அடக்கம். வெள்ளிதோறும் கபரடிக்குப் போய் ஓதிவிட்டு வருகிறார்.

"பஸ்ஸுல போகலாமே பாய்?"

"போகலாம்தான்..." என்று இழுத்தவர், மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அன்று மாலை பரிமளா தன் குவார்ட்டர்ஸைத் திறந்து உள்ளே போனாள். வந்துவிட்டாயா என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. கணவன் இறந்ததிலிருந்து அப்படித்தான். வேலைக்கு வரும் முனியாயி துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், ஒரு தலையணை உறையைத் தவிர. அதைத் தொடக்கூடாது என்பது பரிமளாவின் கட்டளை. சோற்றைப் போட்டுக்கொண்டு டி.வி.யைச் சத்தமாக வைத்தாள். யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். "போகலாம்தான்..." என்ற ஜைனுதீனின் பாதி வாக்கியம் மட்டும் சோற்றோடு இறங்காமல் நின்றது.

சனிக்கிழமை, காலை பத்து மணி.

பாலாஜியின் பட்டறை. பள்ளத்திலிருந்து இழுத்து வந்திருந்த அம்பாசடரில் ஒரு முன்விளக்கும் பம்பரும் நசுங்கியிருந்தன, வேறு சேதமில்லை. பாலாஜி கொதித்துக்கொண்டிருந்தான்.

"பிளக்கு மாத்தினேன். கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். பெட்ரோல் பம்பைப் பிரிச்சு மாட்டினேன். பில்ட்டரும் புதுசு. இதுக்கு மேல நான் என்ன மேடம் பண்றது? இங்கிட்டு ஓட்டினா கப்பல் மாதிரி போகுது. வெள்ளிக்கெழமை அவர் ஓட்டினா மட்டும் திக்குது. இப்ப எம்மேல கேஸு!"

"வெலைக்குக் கேட்டியா?"

"கேட்டேன். ஆசைப்பட்டுக் கேக்குறது குத்தமா?"

பரிமளாவே ஓட்டிப் பார்த்தாள். ஊரைச் சுற்றி ஒரு வட்டம். அழுத்தி மிதித்தபோது வண்டி பழைய குதிரை போல உறுமிக்கொண்டு பாய்ந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒரு வாடை இருந்தது, தலைவலித் தைலமும் அத்தரும் கலந்த வாடை. கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைத் தொட்டாள்.

"இறக்காதீங்க மேடம்" என்று பாலாஜி பதறினான். "இறக்கினா பாய் சண்டைக்கு வருவாரு. அது ஒரு கிறுக்கு. இன்னொண்ணு கேளுங்க, பெட்ரோல் டேங்க் மூடிச் சாவியை மட்டும் எங்கிட்ட குடுக்கவே மாட்டாரு. பெட்ரோலைத் திருடிருவேனாம்!"

"எப்பத் திக்குதுன்னு கேட்டியா?"

"பெட்ரோல் ரொப்பிட்டுக் கெளம்பினா, கொஞ்ச தூரத்துல. அதனால பங்க்குக்காரன் கலப்படம் பண்றான்னு மொதல்ல அவனோட சண்டை. திரும்பி வரும்போது அவ்வளவா இல்லையாம். பெட்ரோல்ல தப்புன்னா திரும்பும்போதும் திக்கணும்ல?"

நியாயமான கேள்வி. டேங்க் நிறைந்திருக்கும்போது திணறுகிற வண்டி, குறைந்ததும் ஏன் சமாதானம் ஆகிறது? பரிமளா அதை மனதில் முடிந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை.

விடுமுறை நாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதால் மீமிசலுக்குப் பேருந்து ஏறினாள். ஜைனுதீன் வீட்டுக்குப் போகுமுன் கரைப்பக்கம் நடந்தாள். மீன் இறக்கிவிட்டு மறுபடி கிளம்பும் பைபர் படகு ஒன்றில் என்ஜின் தடதடத்தது. மெதுவாக ஓட்டும்வரை ஓடியது. படகுக்காரர் வேகத்தைக் கூட்டியதும் இருமி நின்றுபோனது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, பெட்ரோல் டேங்க் மூடியின் மேலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். அடுத்த இழுப்பில் என்ஜின் உயிர்பெற்றது.

"என்னண்ணே ஆச்சு?"

"காத்துத் திருகைத் தொறக்க மறந்துட்டேன் தங்கச்சி" என்றார் சந்தனம் என்ற அந்தப் படகுக்காரர். "கரையில கெடக்கும்போது வாடை வீசாம இருக்க மூடி வச்சிருவோம். ஓட்டும்போது தொறக்கலன்னா டேங்குக்குள்ள காத்துப் போகாது. எண்ணெய் எறங்காது. மெதுவாப் போனா சமாளிக்கும், வேகமாப் போனா மூச்சு முட்டிப் போயிரும்."

பரிமளா கடலைப் பார்த்தபடி நின்றாள். ஏற்றிய கண்ணாடி. தராத சாவி. தைல வாடை. கையில் இருந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஜைனுதீன் பட்டறையிலிருந்து எடுத்து வந்த காரை வாசலில் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் காயலானுக்குப் போகப்போகும் வண்டியை எதற்குக் கழுவுகிறார் என்று அவள் கேட்கவில்லை.

"பாய், வெள்ளிக்கெழமை போன மாதிரியே என்னைக் கூட்டிட்டுப் போங்க. பெட்ரோல் ரொப்புற எடம் உட்பட."

முன் கதவில் கை வைத்தாள். ஜைனுதீன் அவசரமாகப் பின் கதவைத் திறந்தார்.

"நீங்க அதிகாரி. பின்னால உக்காருங்கம்மா."

அறந்தாங்கி பங்க்கில் ஊழியர் வருமுன் அவரே இறங்கிப் போனார். குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். டேங்க் விளிம்புவரை நிறைந்ததும் மறுபடி குனிந்து எதையோ செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பரிமளா பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுக்கோட்டை சாலையில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. சாலை காலியாக இருந்த இடத்தில் பரிமளா சொன்னாள்.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். கார் ஒருமுறை முன்னே குதித்து, திக்கி, குலுங்கி, இருமியது. ஜைனுதீனின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? பாத்தீங்களா?"

"ஓரமா நிறுத்துங்க பாய். டேங்க் சாவியைக் குடுங்க."

அவர் கை சட்டைப்பையைப் பொத்தியது. பரிமளா இறங்கி வந்து கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் கொடுத்தார்.

மூடியைத் திருகியதும் டேங்க் 'உஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. டேங்கின் வாயில் பாலிதீன் பையை இரண்டாக மடித்துப் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, அதன்மேல் மூடியைப் பூட்டியிருந்தார்கள். பரிமளா அதைப் பிரித்தெடுத்து, மூடியை மட்டும் போட்டுவிட்டு வந்து ஏறினாள்.

"இப்ப ஓட்டுங்க."

கார் சீறிக்கொண்டு பறந்தது. ஜைனுதீன் தன் காலையே நம்பாமல் இன்னொருமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு புளியமரம் ஒன்றின் நிழலில் நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"யாரும்மா பண்ணினது?"

"நீங்கதான் பாய்."

ஜைனுதீன் இப்போது முழுசாகத் திரும்பினார்.

"மூடியில ஊசித்துளை ஒண்ணு இருக்கு. டேங்க் மூச்சு விடுறது அது வழியா. பெட்ரோல் எறங்க எறங்க, எறங்கின எடத்துக்குக் காத்து வரணும். நீங்க பையைக் கட்டி அடைச்சுட்டீங்க. மெதுவாப் போனா சமாளிக்குது, அழுத்தி மிதிச்சா என்ஜினுக்குப் பெட்ரோல் பத்தல. டேங்க் நெறைஞ்சிருந்தா உள்ள காத்தே இல்ல, சீக்கிரமே திணறுது. கொறைஞ்சா உள்ள இருக்கிற காத்தை வச்சுக் கொஞ்சம் தாக்குப் பிடிக்குது. ராத்திரி நின்னா, கட்டின எடத்துல கசிஞ்சு காத்து ஏறிருது. அதான் பாலாஜி பட்டறையில குத்தமே தெரியல. அவன் ஒரு பாவமும் அறியாதவன்."

"பெட்ரோல் வாடை வந்துச்சும்மா" என்றார் ஜைனுதீன் மெல்ல. "மூடி ரப்பர் தேஞ்சுபோய் உள்ள வாடை அடிச்சுச்சு. அதுக்காகத்தான்."

"வாடை வந்தா எல்லாரும் கண்ணாடியை எறக்குவாங்க பாய். நீங்க ஏத்திவிட்டீங்க."

ஜைனுதீன் இடப்பக்கக் காலி இருக்கையைப் பார்த்தார். அதன் சாய்மானத்தில் தலை படும் இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று பழுப்பாகப் படிந்திருந்தது.

"அவளுக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. வண்டி ஏறினா கொமட்டும். நெத்தி முழுக்கத் தைலம் தேச்சுக்கிட்டு இதுல சாஞ்சுக்குவா. அவ போனப்புறம் துணிமணியெல்லாம் எடுத்துக் குடுத்துட்டாங்க. வூட்டுல சுண்ணாம்பு அடிச்சுட்டாங்க. இது ஒண்ணுலதான் அவ வாசம் இருக்கு. பெட்ரோல் வாடை அதைத் தின்னுருமோன்னு பயந்துட்டேன்." குரல் உடைந்தது. "என் வண்டி மூச்சை நானே நெரிச்சேனா?"

வேலைக்கு வரும் முனியாயியிடம்கூடச் சொல்லாததைப் பரிமளா அவரிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் தலையணை உறையை நான் இன்னும் துவைக்கல பாய்."

தனிமையாக இருப்பவர்கள் இன்னொருவர் தனிமையைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு மேல் விசாரணை கிடையாது.

பிறகு அவள் பாலாஜியை அழைத்தாள். அம்பாசடர் மூடிக்குப் புது ரப்பர் வேண்டும், வாடை கசியக்கூடாது, ஊசித்துளை அடையவும் கூடாது. ஜைனுதீன் போனை வாங்கி, "தம்பி, மன்னிச்சுக்கப்பா" என்றார். அந்தப் பக்கம் பாலாஜி என்ன சொன்னானோ, அழுதுகொண்டே சிரித்தார். அடுத்து சார்ஜாவுக்குப் பேசியது பரிமளா.

"உங்க அத்தா கால்ல ஒரு தடுமாத்தமும் இல்லை. வண்டியிலயும் இல்லை. காயலான் கடைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிருங்க."

புகாரைத் திரும்பப் பெறுவதாக ஜைனுதீன் வாயால் சொன்னார். இறங்கி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடப்பக்க முன் கதவைத் திறந்து பிடித்தார்.

"பின்னால உக்கார வச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா. முன்னால வந்து உக்காருங்க."

பரிமளா இறங்கி வந்து அந்த இருக்கையை ஒருமுறை பார்த்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, தன் பக்கக் கண்ணாடி விரலளவு இறங்கியிருப்பதைக் கவனித்து, கைப்பிடியைச் சுற்றி அதை முழுக்க ஏற்றினாள்.

"போகலாம் பாய்" என்றாள்.