மிக அருகிலிருக்கும் வழி

கதவைத் தட்டாமல் உள்ளே போவது தப்பு. வேறொருத்தி என்று சொல்லித் தட்டிவிட்டுப் போனால் மட்டும் அது சரியாகிவிடுமா?

ஆடுகலம் என்ற விளையாட்டுக் கருவியைத் துணிப்பையில் போட்டு இடுப்போடு அணைத்தபடி தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்த மிருதுளாவுக்குள் இந்தக் கேள்விதான் ஓடியது. பதில் கிடைப்பதற்குள் ஸ்டெல்லாவின் கணினி பழுதுபார்க்கும் கடை வந்துவிட்டது.

"வாங்கக்கா. என்ன, பையில மீனா?"

"ஆடுகலம்."

"நீங்க விளையாடப் போறியளா?" ஸ்டெல்லா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். "சாயங்காலம் சீரியல் பாக்குற நேரத்துல கப்பல் ஓட்டப் போறாகளாம்!"

மிருதுளா சிரிக்கவில்லை. "வெண்கடல் விளையாட்டுக்குள்ள போகணும், ஸ்டெல்லா. வடக்கு மண்டலத்துக்கு."

ஸ்டெல்லாவின் சிரிப்பும் அடங்கியது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மிருதுளாவின் மகள் தாரகை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நார்வேயின் வடகோடியில் கடற்பாசிப் பண்ணை வேலைக்குப் போனது தெருவுக்கே தெரிந்த கதை. போன அன்று அவள் அப்பா பிரவீன், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று கத்தினார். அதன்பின் அவள் வீட்டு அழைப்பு எதையும் எடுப்பதில்லை. வேலை முடிந்ததும் வெண்கடலில் விளையாடுகிறாள் என்று மட்டும் உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்தக் குரலை ஒரு முறை கேட்டால் போதும் மிருதுளாவுக்கு.

வடக்கு மண்டலமோ வடக்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். இணைய முகவரியை மாற்றி ஏமாற்றிய காலம் போய்விட்டது. இப்போது ஆடுகலத்தின் நெற்றிப்பட்டை மனதையே முகர்ந்து பார்க்கிறது. இடி இடித்தால் தூத்துக்குடிக்காரியின் மனம் வானத்தைப் பார்க்காது, கொடியில் காயும் துணிக்குத் தாவும். உப்பளக் காற்று திசை மாறினால் ஜன்னலைச் சாத்த எழும். ஒவ்வொரு மனமும் தான் வாழ்கிற இடத்தின் அடுத்த சத்தத்துக்கு அரைக்காதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இந்த அரைக்காதுக்கு ஆடுகலம் செய்தவர்கள் வைத்த பெயர் ஊர்வாடை. அதைப் பொய்யாய்க் காட்டமுடியாது. கடன் வாங்கலாம். அந்த ஊரில் வாழும் ஒருவர் தன் அரைக்காதை வாடகைக்கு விடுவார். அவர் நிழலாள். உங்கள் மனம் அவர் மனதின் வழியாகப் போய் வரும். அந்தப் பாதைக்குப் பெயர் மறைவழி.

"இலவசமா ஒண்ணு கிடைக்குதாமே?" என்றாள் மிருதுளா.

"அய்யோ, அது பக்கமே போயிராதிய. நீங்க தூங்குற நேரத்துல உங்க மனச ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் திறந்து விட்டுருவான். காலையில எந்திரிச்சா எவனோட பல்வலியோ உங்களுக்கு வலிக்கும்." ஸ்டெல்லா திரையில் ஒன்றைத் தொட்டாள். "இது நல்ல மறைவழி. யார் போனா, யார் வழியாப் போனான்னு எங்கயும் எழுதி வைக்காது. இப்ப எந்த ஊர் நிழலாள் வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? தலை சுத்தாம இருந்தாச் சரி."

"அப்ப 'மிக அருகில்'னு போட்டுருதேன். எந்த நிழலாள்கிட்ட தாமதம் குறைவோ அதை அதுவே எடுத்துக்கிடும். ஒரு விஷயம், ஆடுகலம் மறைவழியைத் தனக்குள்ள ஏத்தவிடாது. வீட்டு வைஃபை திசைவியிலதான் போடணும். திசைவி மறைஞ்சா வீடே மறைஞ்ச மாதிரி."

வீட்டில் பிரவீன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் ஏறி, அலமாரிக்கு மேலிருந்த திசைவியின் தூசியைத் துடைத்து, ஸ்டெல்லா தந்த சாவிச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக ஏற்றுவதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"நெட்டு போச்சு."

"வரும். இருங்க."

"இந்த வயசுல என்ன விளையாட்டு?"

"உங்க வயசுல நீங்க நியூஸ்ல சண்டை போடுறீங்க. நான் கப்பல் ஓட்டுறேன்."

திசைவியின் விளக்கு சிவந்து, அணைந்து, நீலமாய் நின்றது. 'நீங்கள் இருப்பது: நார்வே' என்றது திரை. அவள் சமையலறையிலிருந்து வந்த புளி வாசனையை முகர்ந்தபடி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

பட்டையை நெற்றியில் கட்டியதும் கடல் வந்தது. பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசி முனகின. பச்சை ஒளி வானத்தில் சேலை உதறியது போலப் புரண்டது. அழகுதான், ஆனால் படங்களில் பார்த்திருக்கிறாள். அவளை மூச்சடைக்க வைத்தது கண்ணில் பட்டதல்ல. தனக்குள்ளே, தன்னுடையதல்லாத ஒரு காத்திருப்பு விழித்திருந்தது. கூரையிலிருந்து பனி சரியும் சத்தத்துக்கு அது காது கொடுத்தது. அடிவானம் கொஞ்சம் வெளுத்தபோது உடம்பே எழுந்து நின்றது, ஊருக்குப் போன ஆள் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதுபோல. மாதக்கணக்கில் உதிக்காத சூரியனுக்காக ஒருவர் இப்படிக் காத்திருக்க முடியுமா? பிறந்ததிலிருந்து வெயிலைத் திட்டியே பழகிய மிருதுளா, முகம் தெரியாத அந்த நிழலாளின் மகிழ்ச்சியில் கண் கலங்கினாள். ஒரு மனிதருக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் இதில் ஒரு துளிகூட வெளியே தெரிந்திருக்காது.

கப்பலில் இருந்தவர்களில் தாரகை இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மாலுமிகள் வலைக்காகச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் குரலை உயர்த்தினான்.

அந்தக் குரல் உயர்ந்ததும் நிழலாளின் மனம் சட்டென்று குறுகியது. ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது. பனி சரிவதற்கு அல்ல. ஏதோ ஒரு சமையலறையில் குழாய் திறக்கும் சத்தத்துக்கு.

மிருதுளாவுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

பிரவீன் கத்தத் தொடங்கினால் அவள் போய்த் தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். உலகத்தில் வேறு யாரும் இதைச் செய்வார்களா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்காக ஒரு மூலையில் நின்று காத்திருந்த பிள்ளை ஒன்றுதான் இருந்தது. அந்தக் காத்திருப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, மெலிதாக: இந்தத் தடவையாவது குழாய்க்குப் பதிலாக அம்மாவின் குரல் வருமா?

பட்டையைக் கழற்றிய மிருதுளா தெருவுக்கு வந்து ஸ்டெல்லாவை அழைத்தாள்.

"நார்வேயில எவ்வளவு பேரு இருக்காங்க. எப்படி ஸ்டெல்லா அவளே வருவா?"

"கம்பிக்குத்தான் தூரம் கணக்குக்கா. மறைவழிக்கு அது கிடையாது. ரெண்டு மனசு ஒரே மாதிரி நடந்தா தாமதம் இருக்காது. 'மிக அருகில்'னா அதான் அர்த்தம். நான் பிள்ளைய நினைச்சே பாக்கல. அங்க வேலைக்குப் போன பிள்ளைக எல்லாம் கைச்செலவுக்கு அரைக்காதை வாடகைக்கு விடுதுகதான்."

"அவளுக்கு நான்தான்னு தெரியுமா?"

"தெரியாது. யாரோ போற மாதிரி கொஞ்சம் பாரமா இருக்கும், அவ்வளவுதான். நல்லா மறைச்சுத்தான குடுத்தேன்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் மிருதுளா போனாள். இனி தாரகையைத் தேட வேண்டியதில்லை. கப்பலை ஓரமாய் நிறுத்திவிட்டு மகளுக்குள் உட்கார்ந்திருந்தாள். கோவிலில் வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை நிற்பதுபோல. பயந்தாங்கொள்ளி என்று அவள் நினைத்திருந்த பெண், புயல் அறிவிப்புக்குக் குழந்தைபோலக் குதூகலித்தாள். மகளுக்குத் தனிமை என்று தான் அழுத இடத்தில் அகலமான, சுத்தமான ஓர் அமைதி இருந்தது. நான் பெற்றேன், ஆனால் இதை நான் செய்யவில்லை என்று வியந்தாள். மூன்றாம் நாள் மரப்படியில் யாரோ ஒருவரின் காலடிக்காக அந்த மனம் மெல்ல மலர்வதை உணர்ந்தபோது, வெட்கமாகிப் பட்டையை அவிழ்த்தாள். அது யாருடைய காலடி என்று தாரகை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். ஊரை மறைக்க வாங்கிய வழி, ஊரில் யாருக்கும் இல்லாத பெரிய ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. அதன் அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் திரை இல்லை.

நிமிர்ந்தாள். பிரவீன் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"அழுற. சிரிக்கிற. அதுக்குள்ள என்னதான் இருக்கு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகம் கொஞ்ச நாளாக வாடியிருந்தது. சொன்னாள். காலடியைச் சொல்லவில்லை. குழாயைச் சொல்லவில்லை.

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"சாப்பிடுறாளா?"

"சாப்பிடாமலா அவ்வளவு துள்ளுவா?"

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். வேட்டி நுனியைச் சரிசெய்தார். அப்புறம், வெளியே பார்த்தபடி, "எம்மேல இன்னும் கோவமா இருக்காளான்னு பாத்துச் சொல்லு."

"அப்படியெல்லாம் பாக்க முடியாதுங்க."

"முடியும். எம்பேரை அங்க யாராவது சொல்லட்டும். இல்ல, என்னை மாதிரி ஒருத்தன் சத்தம் போடட்டும். மனசு எப்படி ஆகுதுன்னு தெரிஞ்சிரும்ல? ஒரே ஒரு தரம். அவளுக்குத் தெரியவா போகுது?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவர் கேட்பதற்கான பதில் ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

"போன் பண்ணா எடுக்கமாட்டேங்குறா, மிருது. நான் வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நெற்றிப்பட்டையை எடுத்து அவள் பக்கமாக நீட்டினார். மிருதுளா அதை வாங்கிக்கொண்டாள். அதன் உள்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, திசைவியின் நீல விளக்கை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மறைவழியை நீக்கினாள்.

"என்ன பண்ற?"

"எடுத்துட்டேன்."

"ஒரே தரம்னுதான கேட்டேன்."

அவள் இறங்கி, சமையலறைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியாம இனி மாட்டேங்க" என்றாள்.