ஆவிக்கு வைத்த தட்டு

பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் படுக்கை விரிப்புகளைத் துவைத்துச் சேர்த்த பணத்தில் நோவ்லெட் ஒரு வீடு வாங்கினாள். வாங்கிய வீட்டுக்குள் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக உட்கார முடியாமல், வியாழக்கிழமை காலை லாசல்ஸ் ஹில்டன் என்பவரின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

ஹில்டன் போர்ட் அன்டோனியோ கோர்ட்டில் முப்பது வருஷம் அமீனாவாக இருந்தவர். காலி செய்யாதவர்களைக் காலி செய்ய வைப்பதுதான் அவர் வேலை. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். பக்கத்திலிருந்த நண்பன் வின்ராய் வாடகைக் கார் ஓட்டுபவன். வயது ஐம்பது ஆகியும் எதிலும் முந்திரிக்கொட்டை.

"பத்திரம் என் பேர்ல, வாசல் சாவி என் கையில. ஆனா வித்தவரோட தங்கச்சி ஐசில்டா வெளிய போகமாட்டேங்கிறா ஐயா. அவ அம்மா அடாசா போன மாசம் செத்துப்போச்சு. நாப்பது நாள் வரைக்கும் ஆவி பின்னறையிலதான் இருக்குமாம், கதவைத் திறக்கக் கூடாதாம். இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. நான் வாடகை அறையைச் சனிக்கிழமை விட்டாகணும்."

"பூச்சாண்டி காட்டுறா!" என்றான் வின்ராய்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். முந்தாநாள் மத்தியானம் முன்னறையைத் துடைச்சேன். அவ முற்றத்துல துணி காயப்போட்டுட்டு இருந்தா, என் கண்ணு முன்னாடி. அப்போ பூட்டின அறைக்குள்ள டொக், டொக், டொக்குன்னு சுவத்தைத் தட்டுற சத்தம். நான் நடந்தா தட்டுது. நின்னா நின்னுடுது." அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். "என் காலடியைத்தான் அது கேட்டுக்கிட்டு இருந்தது ஐயா."

"என்ன துணி காயப்போட்டா?" என்று கேட்டார் ஹில்டன்.

"விரிப்பு, மூணு. தினம் பாக்குறேன். நல்லா வெளுத்து, நீலம் போட்டு."

"வேற என்ன பார்த்தே?"

"கதவிடுக்குல பே ரம் தைல வாடை. கதவோரம் ஆவிக்குன்னு ஒரு தட்டுச் சோறு. சாயங்காலம் பார்த்தா தட்டு காலி."

காரில் போகும்போது வின்ராய் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "ஆவிக்கு உப்பு ஆகாது அண்ணே. படைக்கிற சோத்துல ஒரு கல்லு விழுந்தாலும் தொடாது. அதான் ரெண்டு பையிலயும் ரொப்பிட்டேன்."

"மழை வந்தா கரைஞ்சுடப் போறே" என்றார் ஹில்டன்.

வீடு குன்றின் மேல் இருந்தது. உச்சி வெயிலிலும் கூடம் சில்லென்று இருந்தது. சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கறுப்பு உடையில் ஐசில்டா வழியை மறித்து நின்றாள். அவளுக்கு அறுபது வயதிருக்கும்.

"வாங்க அமீனா. இத்தனை வருஷம் உயிரோட இருக்கிறவங்களைத் துரத்தினீங்க. இப்போ செத்தவளையுமா?"

நோவ்லெட் தயங்கி இரண்டடி எடுத்து வைத்தாள். டொக், டொக். அவள் நின்றாள், சத்தமும் நின்றது. தன் பெயரில் எழுதிய வீட்டிலேயே தனக்குத் தெரியாத யாரோ தனக்காகக் காத்திருப்பது அவளுக்குத் தாங்க முடியாத பயமாக இருந்தது. வின்ராயின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது.

ஹில்டன் பூட்டிய கதவோரம் குனிந்து, தட்டிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்து வாயில் வைத்தார்.

"அதைத் தொடாதீங்க!" என்று ஐசில்டா ஓடி வந்தாள். அதற்குள் அவர் விழுங்கிவிட்டார்.

"எல்லாரும் முன்னறைக்கு வாங்க" என்றார். உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒத்தைப் பொம்பளைக்குத் தினம் மூணு விரிப்பு எதுக்கு? பே ரம் உடம்பு வலிக்குத் தேய்க்கிறது. ஆவிக்கு முதுகு வலிக்குமா? கோழிக்கறியைக் குழையக் குழையப் பிசைஞ்சிருக்கு. இதுக்கெல்லாம்கூட ஏதாவது சாக்கு சொல்லிடலாம். ஆனா சோத்துல உப்பு இருக்கு. அளவா, பக்குவமா போட்டிருக்கு. இந்த ஊர்ல பொறந்த எந்தப் பொண்ணும் செத்த தாய்க்கு உப்புப் போட்டுப் படைக்கமாட்டா. உள்ள இருக்கிறது உயிருள்ள ஆளு. யாரும்மா அது?"

ஐசில்டாவின் தோள்கள் தளர்ந்தன. "மொதல்ல உப்பில்லாமத்தான் செஞ்சேன். துப்பிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு நோவ்லெட்டைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். "டோபியாஸ்னு பேரு. இருபத்தாறு வருஷம் அம்மாகூட வாழ்ந்தவரு. மோதிரம் மாத்தலைன்னு அண்ணன் அவரை மனுஷனாவே மதிக்கல. லண்டன்ல உக்காந்துகிட்டு காலி வீடுன்னு எழுதி வித்துட்டான். கிழவனை அநாதை விடுதியில தள்ளுன்னான். வாதம் அடிச்சுக் கிடக்காரு. டாக்டர் ரெண்டு மூணு வாரம்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் உன்னைப் பயமுறுத்தி வைக்கலாம்னு நெனச்சேன். சாகிறப்போ அவரு அறையிலயே சாகட்டும்னுதான்."

"ஏன் தட்டுறார்?" என்று கேட்டாள் நோவ்லெட்.

"என்னைத் தவிர வேற பொம்பளைக் காலடி கேட்டா, அம்மான்னு நெனச்சுத் தடியால தட்டுவாரு. அம்மா செத்துப்போச்சுன்னு சொன்னேன். மறந்துடுறாரு. தினம் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

"ஒரு நோட்டீஸ் போதும் அண்ணே, நாளைக்கே காலி!" என்றான் வின்ராய். ஆனால் குரலில் பழைய சுறுசுறுப்பு இல்லை.

"போதும்தான். ஆனா வீடு என்னுது இல்லையே" என்று ஹில்டன் நோவ்லெட்டைப் பார்த்தார்.

அவளுக்குக் கோபம் பொங்கியது. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே! எனக்கும் சனிக்கிழமைக்கு மேல ஒதுங்க இடமில்ல." ஐசில்டாவின் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை வாங்கி, அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் சாத்திய அறையில், சுவரை ஒட்டிய கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் கிடந்தார். கையில் தடி. அவள் கட்டிலை நெருங்கும்வரை ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு தட்டினார். பிறகு தடியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அடாசா. இத்தனை நாளா எங்க போயிட்டே?"

வாசலில் ஐசில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடாசா இல்லை என்று சொல்லத்தான் நோவ்லெட் வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வீடு தேடிக்கிட்டு இருந்தேன்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சிடுச்சு. கொஞ்சம் திரும்பிப் படு, விரிப்பு நனைஞ்சிருக்கு."