மெழுகிட்ட கண்ணாடியில் ஒரு துளி

அந்த இரத்தத் துளியின் இரண்டு கருங்கோடுகளும் இன்னும் சேரவில்லை.

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாளராக, டிரெஸ்ஸராக இருந்த கணேசலிங்கம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அதில் பொருத்திய பட்டகம், இரத்த அணுக்களின் ஊடே வரும் விளக்கொளியை வானவில்லாகப் பிரித்துக் காட்டும். சாயம் ஏற்றாமல், சூடு காட்டாமல், அணு சிதையாமல் ஒளியை மட்டும் அளக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. இரத்தத்தில் மூச்சுக்காற்று இருந்தால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே இரண்டு கோடுகள் தெரியும். காற்றுத் தீர்ந்தால் இரண்டும் கலந்து ஒன்றாகும். இது காய்ச்சலில் விடியற்காலை இறந்த ராமையாவின் துளி. இறந்ததும் எடுத்து, இரு கண்ணாடிகளுக்கிடையே மெழுகிட்டு அடைத்தது. இதற்குள் காற்றுத் தீர்ந்திருக்க வேண்டும்; மத்தியானம் தாண்டியும் கோடுகள் இரண்டாகவே நின்றன.

சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்த அறையில் மண்ணெண்ணெய்ப் புகையும் கார்பாலிக் நெடியும் மழையோடு வந்த புளித்த ரப்பர்ப்பால் வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன.

ராமையாவின் மனைவி ராஜம்மா கதவருகே வந்து நின்றாள்.

"தூக்கலாமாங்கய்யா? மழ விட்டிருக்கு."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

அவர் பிணவறைக்குப் போனார். நாடி இல்லை. மூக்கருகே பிடித்த கண்ணாடியில் ஆவி படியவில்லை. கை மரம்போல் விறைத்திருந்தது.

"கொண்டு போங்கோ," என்றார்.

பறைச் சத்தம் தொழிலாளர் லயங்களைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பித் தேய்ந்த பிறகு மறுபடி குனிந்தார். கோடு ஒன்றாகியிருந்தது. அப்பாடா என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லப் பிளந்தது. சேர்ந்தது. பிளந்தது. உறங்குகிறவனின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல, நிதானமாக.

தன் மூச்சில்தான் கண் ஆடுகிறதோ என்று மூச்சைப் பிடித்தார். அது நிற்கவில்லை.

ஓடினார். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடுகாட்டு மேட்டில் குழிக்குள் உடலை இறக்கியாகிவிட்டது.

"நிப்பாட்டுங்கோ."

அவரே இறங்கி முகத்துணியை விலக்கினார். கழுத்தில் விரல் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"உசுரு இருக்காங்கய்யா?" ராஜம்மாவின் குரல் மேலிருந்து வந்தது.

குளிர்ந்த சதை. வேறொன்றுமில்லை.

"இல்லை பிள்ளை. மூடுங்கோ."

அறைக்குத் திரும்பியபோது மேட்டில் மண் சரியும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. குனிந்தார். கோடுகள் பிரிந்தன, சேர்ந்தன. வேகமாக. இன்னும் வேகமாக. திணறித் திணறி.

மண்வெட்டிகள் ஓய்ந்தன.

ஒற்றைக் கோடு. அசைவில்லை. கணேசலிங்கம் கண்ணை எடுக்கவில்லை.

மெல்ல, அது இரண்டாகப் பிளந்தது.