முப்பதாவது கதையை வாசித்தவள்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில் பதினோரு நிட்டிங் கம்பெனிகள். பகல், இரவு, ஞாயிறு என்று பார்க்காமல் மெஷின்கள் பனியன் துணி பின்னிக்கொண்டே இருக்கும். மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அவை வாயை மூடும். பராமரிப்பு வேலைக்காக ஒன்பதிலிருந்து நாலு வரை லைனை நிறுத்தும் ஷட்டவுன் நாள்.

பிரிசில்லா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது கடைசி மெஷினும் இழுத்து இழுத்து நின்றது. அதன் பிறகு அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

தெருக்கோடியில் ஓடாமல் கிடக்கும் பழைய கம்பெனி ஒன்று. அதன் வாசலில் பேட்டரியும் மைக்குமாக அருள்செல்வன் காத்திருந்தான்.

"வாங்க வாங்க. இன்னிக்கு முடிச்சுட்டம்னா நீங்க பெரிய ஆளுங்க. அப்புறம் எங்களையெல்லாம் கண்டுக்கவே மாட்டீங்க."

அருள்செல்வன் கதைச் சேனல் நடத்துகிறவன். நூறு வருஷத்துக்கு முந்தைய சிறுகதைகளை வாசிக்க வைத்துப் பதிவு செய்வான். தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்கள் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். எழுதியவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கதை ஊருக்கே பொது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்வான்.

சர்ச்சில் பிரிசில்லா வேதபாடம் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவனாகத்தான் தேடி வந்தான். முப்பது கதை. முப்பதும் கைக்கு வந்த பிறகு மொத்தமாக வெளியிடலாம் என்றான். ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'வாசித்தது பிரிசில்லா' என்று அவள் பெயர் வரும். அதற்கப்புறம் சேனலின் நிரந்தரக் குரலே அவள்தான்.

ஏழு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடியவள் அவள். சூப்பர்வைசர்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா, செக்கிங்" என்றுதான் அழைப்பார். அருள்செல்வன் நீட்டிய நாலு பக்க இங்கிலீஷ் பேப்பரில் அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். போன வாரம் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டாள்.

மாதா மாதம் ஷட்டவுன் நாளில் பதிவு நடப்பது துணி குடோனில். நாலு சுவரையும் மறைத்துக் கூரை வரை அடுக்கிய பழைய துணி ரோல்கள், நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஒரு எமர்ஜென்சி விளக்கு. அங்கே பேசினால் எதிரொலி வராது. உதட்டைத் தாண்டியதுமே சத்தத்தைத் துணி குடித்துவிடும். மெஷின் ஆயில் நாற்றம், ஈரப் பஞ்சு நாற்றம். இன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசனை.

அருள்செல்வன் வழக்கம்போலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டான். கதவிடுக்கு வழியே போகும் ஒயரில் அவனுக்கும் ஒரு ஹெட்போன்.

மதியம் இரண்டரைக்குள் நாலு கதை முடிந்தது. டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, முப்பதாவதை எடுத்தாள். ஒரு பழைய பங்களாவில், பூட்டிய அறைக்குள் யாரோ உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருக்கும் கதை.

இரண்டாவது பக்கத்தில்தான் அது கேட்டது.

ஒரு மூச்சு.

அவள் மூச்சு விடாத இடத்தில்.

நிறுத்தினாள். ஹெட்போனுக்குள் அமைதி. தன் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்தாள். மூன்றாவது பக்கத்தில் மறுபடியும், இன்னும் பக்கத்தில், நெஞ்சுக்குள் சளி அறுக்கும் மூச்சு. பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு இருமும் இருமல்.

பிரிசில்லாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. உதடு இன்னும் பிரியவில்லை.

அந்த வரியை ஹெட்போன் வாசித்தது.

கரகரத்த, ஆனால் அழகான பெண் குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, பத்தி முடியும் வரை வாசித்தது. கடைசியில் மெல்லச் சொன்னது:

"வாசித்தது சனோபர்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அருள்செல்வன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வாயைத் திறக்கும் முன்பே கேட்டான்.

"உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?"

"யாருங்க சனோபர்?"

முதலில் மழுப்பினான். பழைய ஃபைல் ஏதோ கலந்துவிட்டது என்றான். அவள் நகராமல் நிற்கவும், நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான். சனோபர் ஓவர்லாக் டெய்லர், பனியன் ஓரம் அடிப்பவள். அவளும் இதே ஸ்டூலில் முப்பது கதை வாசித்தாள். நுரையீரலெல்லாம் பஞ்சு, வாசிக்கும்போதே இருமுவாள். இருமலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். அது அவள் குரலைக் கற்றுக்கொண்டது. பிறகு எந்தக் கதையைக் கொடுத்தாலும் அவளைப் போலவே வாசித்தது. இனி வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டான். அவள் வாசிக்காத கதைகளை, அவள் குரலிலேயே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் கேட்டிருக்கிறாள். எதிலும் அவள் பெயர் இல்லை. போன பங்குனியில் இறந்துபோனாள்.

"பொறவு?"

"பொறவு அது இரும ஆரம்பிச்சுருச்சுங்க."

"எது?"

"கம்ப்யூட்டருங்க. ஒரு இருமலக்கூட நான் அதுக்குக் குடுக்கலீங்க. எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் குடுத்தேன். ஆனா ஒவ்வொரு கதையிலயும் இருமுது. கேக்கறவங்க திட்டறாங்க." கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அதான் வேற குரல் தேவப்பட்டுச்சு."

வேற குரல்.

பிரிசில்லா திரும்பி, உள்ளே நின்ற மைக்கைப் பார்த்தாள்.

"அப்ப நானுங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பேப்பர்ல எல்லாம் இருக்குதுங்க. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? இந்த ஒரு கதைதான் பாக்கி. அழுகை, பயம் எல்லாம் இதுலதான் இருக்குது. இது இல்லாட்டிக் குரல் முழுசா வராது. முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க."

ஆறு மாதமாக அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன். உங்க குரலுக்கு ஊரே மயங்கும் என்றவன். முப்பதாவது கதையை வாசிக்காவிட்டால் குரல் தன்னிடமே இருக்கும், அது போதும் என்று பிரிசில்லாவுக்குப் பட்டது. பையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து முணுமுணுப்பு வந்தது. அவளுக்கு இப்போது பயமாக இல்லை. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏமாத்திட்டானாக்கா?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆமாங்க."

"என்னையும் அப்படித்தாங்கக்கா."

தைல வாசனை பிடரியருகே வந்து நின்றது. குளிர்ந்த விரல்கள் அவள் தொண்டையை வருடின. ஆறுதலாகத்தான் இருந்தது.

"நீங்க எந்திரிச்சுப் போங்கக்கா. இதை நான் வாசிச்சு முடிச்சுடறேன். அவனை நான் பாத்துக்கறேன்." குரல் கொஞ்சம் தயங்கியது. "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

இந்த ஊரில் தன் வலி புரிந்த ஒரே ஆள் என்று நினைத்தாள் பிரிசில்லா.

"சரிங்க."

மைக்குக்கு முன்னால் காகிதம் தானாகப் புரண்டது.

அவள் வெளியே வந்தாள். அருள்செல்வன் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன், கண்கள் மூடியிருந்தன, உதட்டில் சிரிப்பு. ஹெட்போனைத் தாண்டிக் கசிந்தது பிரிசில்லாவின் குரல். தெளிவாக, அச்சு அசலாக, பூட்டிய அறையின் கதையை வாசித்துக்கொண்டிருந்தது.

அவன் கண் திறந்து திரும்பினான்.

அவளைப் பார்த்தான். சாத்திய கதவைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

நாற்காலியோடு சாய்ந்தான். தரையில் உருண்ட ஹெட்போனில் வாசிப்பு நிற்கவில்லை.

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நெஞ்சில் ஒரு சின்ன மகிழ்ச்சி. இனி அவன் பாடு, சனோபர் பாடு. பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. பதினோரு கம்பெனி மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. பொங்கலூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாந்தான். வந்துட்டிருக்கறேன்."

தொண்டை கரகரத்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். கரகரப்பு போகவில்லை.

"ஏனுங்க, யாருங்க நீங்க?" என்றாள் அம்மா. "எம் புள்ள போனு உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அம்மா, நான் பிரிசில்லாம்மா."

சொல்லும்போதே அது தன் குரல் இல்லை என்று பிரிசில்லாவுக்குத் தெரிந்தது. அந்தக் குரலை அவள் இன்றைக்குத்தான், துணி ரோல்களுக்கு நடுவில், காதோடு காதாகக் கேட்டிருந்தாள்.

"வெளையாடாதீங்க கண்ணு," அம்மாவின் குரலில் எரிச்சல் ஏறியது. "அவ ஊட்டுக்கு வந்து பத்து நிமிசமாச்சு. வந்ததும் உள் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டா. அங்கிருந்தே ஏதோ கதையாட்டச் சொல்லிட்டிருக்கறா. எவ்வளவு நல்லாருக்குது தெரியுங்களா?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். பிரிசில்லா அசையவில்லை.

போனில், அம்மாவுக்குப் பின்னால், வாசிப்பு நின்றது.

பிறகு பிரிசில்லாவின் சொந்தக் குரல், இருமலோ கரகரப்போ இல்லாமல், அந்த வீட்டின் உள்ளேயிருந்து கேட்டது.

"யாரும்மா போன்ல?"