வெறும் வயிற்றில் வரவும்

நாலாவது அஞ்சலட்டையில்தான் அந்த ஒரு வரி கூடுதலாக இருந்தது. மேலே வழக்கம்போல் அச்சடித்த தலைப்பு: இதய, மூளை நோய் ஆராய்ச்சி மையம், விருத்தாசலம். அதன் கீழே, மாணிக்கவேல், எண் நாற்பத்தொன்று, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெறும் வயிற்றில் மறுபரிசோதனைக்கு வரவும். அதற்கும் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "சென்ற முறை எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. வீட்டில் நன்றாகச் சாப்பாடு போடவும்."

மாணிக்கவேல் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பீங்கான் பட்டறையில் கனகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த தனக்கோடி, அட்டையை வாங்கி உரக்கப் படித்தாள்.

"செத்தும் உன் சோறு அந்த மனுசனுக்கு ஒட்டல பாரு."

வேறொரு நாளாக இருந்தால் கனகாவும் சிரித்திருப்பாள். இன்று அவள் கையிலிருந்த சுடாத கோப்பை நசுங்கிப்போனது. முதல் மூன்று அட்டைகளையும் அடுப்பில் போட்டவள் அவள். இறப்புச் சான்றிதழின் நகலை வைத்து, புருஷன் பெயரை அடித்துவிடும்படி இரண்டு முறை பதிவுத் தபாலில் எழுதியவள். ஒரு வரி பதில் இல்லை. இந்த முறை அந்தப் பெயரை அவர்கள் அடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தாள். உயிரோடு இருந்தபோதுதான் ஊசி ஊசியாகக் குத்தினார்கள், செத்த பிறகாவது மனுசனை விடட்டும்.

வியாழக்கிழமை கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த அந்த மையத்துக்குள் அவள் நுழைந்தபோது மணி பத்துதான், ஆனாலும் கூடம் முழுக்க அந்தி போல் மங்கிக் கிடந்தது. ஸ்பிரிட்டும் பினாயிலும் கலந்த நெடிக்கு அடியில் மழையில் நனைந்த சாம்பலின் வாசனை இருந்தது. தடுப்புத் திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் காகிதத்தைக் கிறீச்சிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்க, மின்விசிறியின் முனகலுக்கும் கீழே, பெரிய கூட்டமொன்று அடக்கிக்கொண்டு மூச்சுவிடுவது போல் இன்னொரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரமாக வரிசை வரிசையாகக் கறுப்பு ரெக்சின் நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை.

மேசைக்குப் பின்னால் பழமலை என்ற எழுத்தர் இருந்தார். சான்றிதழை நிதானமாகப் படித்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார், திருப்பிக் கொடுத்தார். ஆய்வு பத்து வருடத்துக்கு என்றார். நடுவில் விலக வேண்டுமானால் நோயாளியே நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், சொந்தக்காரர்கள் எழுதினால் செல்லாது என்றார். செத்தவர் எப்படி வருவார் என்று கனகா கேட்டாள்.

"வராருங்களே" என்றார் அவர், கோபமே இல்லாமல். "ஒரு தவணைகூட தவறல. அவரு மாதிரி ஒழுங்கா வர்றவங்க கொறைவுதாம்மா."

பதிவேட்டைத் திருப்பி வைத்தார். எடை, நாடி, ரத்த அழுத்தம். செத்த தேதிக்குப் பிறகு மூன்று வரிகள், மூன்று ஊதாக் கைநாட்டுகள். எவன் கையையோ வைத்து ஏமாற்றுகிறீர்களா என்று கத்த வாயெடுத்தவள் குனிந்து பார்த்தாள். ரேகையே இல்லை. வழவழவென்று வெறும் முட்டை வடிவம். பதினெட்டு வருடம் பீங்கான் மண்ணைத் தேய்த்துத் தேய்த்து மாணிக்கவேலின் கட்டைவிரல் அப்படித்தான் ஆகியிருந்தது. ரேஷன் கடையில் அதைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லித் திட்டுவார்கள்.

முதல் பக்கத்தில் ஒப்புதல் படிவம். அதிலும் அதே விரல். தேதி, அவன் செத்த அதே நாள். நேரம், மாலை நாலு இருபது.

இதே மருத்துவமனையில் அவன் செத்தது அன்று மூன்று மணிக்கு.

பிணத்தைக் குளிப்பாட்டியபோது அந்த விரலில் ஒட்டியிருந்த ஊதாக் கறை அவள் நினைவுக்கு வந்தது. பட்டறைச் சாயம்தான், தொழில் செய்த கை, அப்படியே போகட்டும் என்று தேய்க்காமல் விட்டவள் அவள்தான்.

"செத்தவங் கையப் புடிச்சா நாட்டு வெச்சிங்க?"

"ஒப்புதல் இல்லாம சேத்துக்க முடியாதுங்களேம்மா."

அவள் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை நீட்டினாள். திரைக்கு அப்பால் நர்ஸின் குரல் கேட்டது.

"நாற்பத்தொன்று."

முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

யாரும் கடந்து போகவில்லை. திரை மட்டும் விலகியது. உள்ளே ஒரு முக்காலி. நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை விரித்து, காற்றில் சுற்றினாள்.

பட்டை விழவில்லை. உருண்டையாக நின்றது. உள்ளே ஒரு கை இருப்பது போல்.

நர்ஸ் பந்தை அமுக்கினாள். பட்டை உப்பியது. பாதரசம் ஏறியது.

கனகா பாய்ந்து பட்டையைப் பற்றினாள். கெட்டியாக இருந்தது. சில்லென்று இருந்தது.

"எழுந்து வாங்க" என்றாள். குரல் ஆத்திரத்தில் உடைந்தது. "இவனுங்க கெடக்குறானுங்க. வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

பாதரசம் துள்ளியது. நூற்று அறுபது. நூற்று எண்பது.

"பேசாதீங்கம்மா" என்றாள் நர்ஸ், எழுதிக்கொண்டே. "நீங்க பேசப் பேச ஏறுது. பயப்படுறாரு."

அவள் பிடிக்குள் பட்டை துடித்தது. வேகமாக. இன்னும் வேகமாக. அவள் விடவில்லை. உதவிக்கு யாராவது உண்டா என்று திரும்பிப் பார்த்தாள்.

கூடம். மங்கல் வெளிச்சம். கறுப்பு நாற்காலிகள். ஒவ்வொன்றின் இருக்கையும் நடுவில் அமுங்கி, ஆழமாகக் குழிந்திருந்தது. சற்றுமுன் கிறீச்சிட்ட அந்த ஒன்று மட்டும் மட்டமாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த அந்த மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

"நாற்பத்திரண்டு."

முன்வரிசையில் ஓர் இருக்கையின் குழி, மெல்ல, மேலெழும்பி மட்டமானது.